திருநீறு கலையாமல்

"இன்னும் அந்தக் கஞ்சிய வடிகட்டி முடியலையாடி? எம்புள்ள வயிறு காய உக்காந்திருக்கான்... மகாராணி ஆற அமர வேலை பாக்குறா!"

கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாட்களைப் போலத்தான் விடிந்தது. காலையில் காப்பி குடிக்கிறாளோ இல்லையோ, மருமகளை நாலு வார்த்தை சொல்லாவிட்டால் இராஜம்மாவுக்கு அன்றைய பொழுது ஓடாது. தங்கமணி பழைய வேட்டித் துணியில் கஞ்சியை ஊற்றி, ஒரு பருக்கைகூடத் தங்காமல் பிழிந்துகொண்டிருந்தாள். ஒன்று தங்கினாலும் சபாபதிக்குப் புரையேறும். அவன் மேலண்ணத்தில் பிளந்து ஒட்டிய இடத்தில் இன்னும் ஓர் ஓட்டை இருந்தது. அதில் சிக்கினால் மூக்கு வழியாக வந்துவிடும். இதெல்லாம் இராஜம்மாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே பேசுகிறவளிடம் என்னத்தைச் சொல்வது!

சபாபதி ஹாலில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். போன வருடம் வரைக்கும் செந்தூலில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. கோயில் திருவிழா என்றால் உறுமி மேளத்தோடு முன்னால் நிற்பவன், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பவன். இப்போது கீழ்த்தாடை உள்வாங்கி, மூக்குத் தண்டு சப்பி, உதட்டின் ஒரு பக்கம் மேலே இழுத்துத் தைக்கப்பட்டு... கண்கள் மட்டும்தான் பழைய கண்கள். அந்தக் கண்களைப் பார்க்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. பெற்ற தாயே அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வீட்டில் நடமாடினாள்.

தங்கமணி அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, குழந்தைக்குக் கொடுப்பது போல மூக்கு வைத்த கோப்பையை உதட்டில் வைத்தாள்.

"ஊ... ஆ..." என்றான் அவன்.

"சூடா இல்லைங்க. ஆத்தித்தான் கொண்டாந்தேன்."

அவன் பேச்சு அவள் ஒருத்திக்குத்தான் புரியும். உறவுக்காரர், அக்கம்பக்கம், மருத்துவமனைத் தாதி எல்லாருக்கும் அவள்தான் அவன் வாய். எழுதிக் காட்டலாம் என்றால், வலது மணிக்கட்டும் விபத்து நடந்த அன்றைக்கே நொறுங்கி, பேனா பிடிக்க வராமல் போய்விட்டது. அவன் ஒரு சத்தம் எழுப்புவான், எல்லாரும் தங்கமணியைப் பார்ப்பார்கள். அவள் சொல்வதுதான் அவன் சொன்னது.

அந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஒரே ஒரு முறை அவள் பொய் சொன்னாள். அதற்குத்தான் இவ்வளவு தண்டனை.

நடந்தது இதுதான். சபாபதியின் ஒரே தங்கை தனலெட்சுமி. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து, நோயில் விழுந்து, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கையின் படிப்பைச் சபாபதிதான் தூக்கிச் சுமந்தான். ஷா ஆலாம் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடித்து, கூடுதல் வேலையும் பார்த்து, தூக்கத்தில் கண் சொருகச் சொருக மோட்டார் சைக்கிளில் வீடு வருவான். தங்கமணி தன் வளையலைக் கழற்றிக் கொடுத்ததும் உண்டு. அதை யாரும் பெரிதாக நினைவு வைத்திருக்கவில்லை, அவளும் வைத்திருக்கவில்லை. தனலெட்சுமி பல் மருத்துவம் படித்து, முகத் தாடை அறுவைப் பிரிவில் டாக்டரானாள். முதல் சம்பளத்தில் அண்ணனுக்கு என்ன வாங்கி வந்தாள் தெரியுமா? முகத்தையும் தாடையையும் சேர்த்து மூடுகிற சிவப்பு ஹெல்மெட்.

"அண்ணே, நீ போடுற அந்தச் சட்டி ஹெல்மெட்ட தூக்கிப் போடு. அது மண்டைய மட்டும்தான் காப்பாத்தும். வார்டுல வந்து பாரு, தினமும் எத்தனை மூஞ்சிய நான் தைக்கிறேன்னு! இதப் போட்டுக்கிட்டுத்தான் போவணும். என் மேல சத்தியம்."

அவன் ஆசையோடு போட்டுக்கொண்டான். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

தைப்பூசம் நெருங்கியது. இவர்களுக்குக் குழந்தை இல்லை. பேரப்பிள்ளை வேண்டி, மகன் காவடி எடுப்பதாக இராஜம்மா பத்துமலை முருகனுக்கு நேர்ந்திருந்தாள். சபாபதி மஞ்சள் வேட்டி கட்டி, தரையில் படுத்து விரதம் இருந்தான். தினமும் விடியுமுன் தாய் தன் கையால் அவன் நெற்றி நிறையத் திருநீறு பூசுவாள். விரதம் முடிகிற வரைக்கும் அந்தத் திருநீறுதான் அவனுக்குக் காவல் என்பது அவள் நம்பிக்கை. முழு ஹெல்மெட்டோ நெற்றியைப் பிடித்து இறுக்கி, கழற்றும்போது திருநீற்றைச் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிடும்.

"அந்தப் பானைய மாட்டாதடா சபா! சாமி காரியம்... நெத்தி வெறும் நெத்தியா வீட்டுக்கு வர்ற. விரதம் முடியற வரைக்கும் பழசையே போட்டுக்கயேன்!"

"சும்மா இரும்மா. தனம் கேட்டா என்னை உரிச்சுடும்."

அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை இராஜம்மா அவன் நெற்றியில் பூசிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். அவன் வாசலில் சிவப்பு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதை மனைவியிடம் நீட்டினான்.

"மணி, இத உள்ள வை. அம்மா மனசு கோணாம இருக்கட்டும். பூசம் முடியற வரைக்கும்தானே..."

பழைய சட்டி ஹெல்மெட்டோடு போனான். கூட்டரசு நெடுஞ்சாலையில், வெளிச்சம் சரியாக வராத நேரத்தில், விளக்கில்லாமல் ஓரத்தில் நின்ற, மரம் ஏற்றிய லோரியின் பின்பலகையில் முகத்தைக் கொடுத்தான். மண்டையில் சின்னக் காயம்கூட இல்லை. நெற்றியில் திருநீறும் இரத்தத்துக்கு மேலே அப்படியே இருந்தது. நெற்றிக்குக் கீழேதான் ஒன்றுமில்லை.

மருத்துவமனையில் தாடைக் கம்பிகளை அவிழ்த்த அன்று தனலெட்சுமி படுக்கையருகே நின்றாள். இராஜம்மா கால்மாட்டில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பல நாளாய்ச் சாப்பிடாமல், உடம்பு பாதியாகியிருந்தது.

"அண்ணே... நான் வாங்கிக் குடுத்த ஹெல்மெட் எங்கண்ணே? ஏன் அந்தச் சட்டியோட போன?"

"அ...ம்மா... ஏணாங்...ஆங்க... இ...ஊ... அ...இ..." என்றான் சபாபதி.

தங்கமணிக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அம்மா வேணாம்னாங்க, திருநீறு அழியுதுன்னு. அவள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். மகன் தன் பேச்சைக் கேட்கவில்லை, வேறெதற்கோதான் அதை விட்டுப் போனான் என்று அந்தத் தாய் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டான் என்று தெரிந்தால்...?

"என்ன சொல்லுது அண்ணன்?" என்று தனலெட்சுமி அண்ணியைப் பார்த்து அழுதாள். அவளுக்கு அண்ணன் குரல் வெளிப்பட்டாலே கண்ணீர் வந்துவிடும். காதில் எதுவும் ஏறாது.

"எங்கண்ணன்... வேலாயுதம் கேட்டுச்சு. நான்தான்... அந்த ஹெல்மெட்ட எடுத்துக் குடுத்துட்டேன். அதைத்தான் சொல்றாரு."

சபாபதியின் கண்கள் விரிந்தன. போர்வைக்கடியில் அவள் அவனுடைய இடது கையை இறுக்கிப் பிடித்தாள். எல்லாரும் போன பிறகு அவன் மார்பில் நெற்றியை வைத்து அழுதாள்.

"அத்தை உசுர விட்டுருவாங்க... எனக்கு என்ன, நாலு திட்டு விழும். தாங்கிக்குவேன். நீங்க எம்மேல சத்தியமா சொல்லக் கூடாது!"

நாலு திட்டு என்றுதான் நினைத்தாள், பாவம்! சிவப்பு ஹெல்மெட்டைப் பழைய சேலையில் சுற்றி அலமாரிக்கு மேலே தகரப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். வேலாயுதம் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்பவன், ரோஷக்காரன். கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து இராஜம்மா கத்தினாள்: "எம்மவன் தலையில இருந்ததப் புடுங்கிட்டுப் போனவன் இவன்தான்!" அவன் இலையிலிருந்து எழுந்து வந்து தங்கையை வெளியே அழைத்தான்.

"தங்கம், நான் எப்ப உங்கிட்ட ஹெல்மெட் கேட்டேன்? சொல்லு!"

அவள் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"சரி... உன் வீட்டு மானத்துக்கு எம்மேல சேறு பூசணும்னா பூசிக்க. ஆனா இனிமே அண்ணன்னு என் வாசப்படி ஏறாத."

அப்படித்தான் பிறந்த வீடும் போயிற்று.

*

கோப்பையில் கஞ்சி பாதி இறங்கியிருந்தபோது வாசலில் தனலெட்சுமியின் செருப்புச் சத்தம் கேட்டது. சுபாங் ஜெயாவிலிருந்து வாராவாரம் அண்ணனைப் பார்க்க வருகிறவள்தான். ஆனால் அன்று அவள் முகம் நன்றாக இல்லை. இரவெல்லாம் விழித்த கண்கள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

அண்ணனுக்கு இப்படி ஆன பிறகு அவள் ஓர் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தாள். மோட்டார் சைக்கிளில் அடிபட்டு முகம் உடைந்து வருகிறவர்களைக் கோலாலம்பூர் வார்டிலும் கிள்ளான் வார்டிலும் தேடித் தேடிப் பார்த்தாள். என்ன ஹெல்மெட் போட்டிருந்தார்கள், எந்த எலும்பு உடைந்தது என்று கேட்டாள். பல்கலைக்கழகத்தில் ஓர் எஞ்சினியரோடு சேர்ந்து, சாந்தில் மனித முகம் செய்து, ஹெல்மெட்டுக்குள் வைத்து, உயரத்திலிருந்து இரும்பு விளிம்பின் மேல் போட்டுப் பார்த்தாள். வீட்டில் இதைக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "பொம்மை மூஞ்சிய உடைக்கிறாளாம்" என்று இராஜம்மா பக்கத்து வீட்டில் சொல்வாள்.

"நேத்து முடிச்சுட்டோம் அண்ணி," என்றாள் தனலெட்சுமி. குரல் வறண்டிருந்தது. "சட்டி ஹெல்மெட் போட்ட முகம் எல்லாம் தூள். அண்ணன் முகம் மாதிரியே... அதே இடத்துல பிளந்திருக்கு. அப்புறம் அண்ணனுக்கு வாங்கினேனே, அதே ஹெல்மெட், அதே கம்பெனி... அதைப் போட்டுப் பார்த்தோம். திரும்பத் திரும்பப் போட்டோம். உள்ள இருந்த சாந்து முகத்துல மூக்கு நுனிகூட உடையல அண்ணி! மூக்கு நுனிகூட..."

சமையலறையில் கரண்டி கீழே விழுந்து உருண்டது. இராஜம்மா அதை எடுக்கக் குனியவில்லை.

"இத்தனை நாள் மனசத் தேத்திக்கிட்டேன். எதப் போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்னு. உங்க மேல கோவம் வரும்போதெல்லாம் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அடக்கிக்கிட்டேன். இனிமே முடியாது. நான் குடுத்தது அண்ணன் தலையில இருந்திருந்தா அண்ணன் இன்னிக்கு இட்லி சாப்பிட்டுக்கிட்டு என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருக்கும்! அதத் தூக்கி உங்கண்ணனுக்குக் குடுத்தீங்களே... எப்படி அண்ணி மனசு வந்துச்சு?"

தங்கமணி கோப்பையைக் கீழே வைத்தாள். சொல்லிவிடலாமா? ஒரே ஒரு வாக்கியம். இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கலாம், அண்ணன் வீட்டு வாசலில் ஏறலாம். அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். இராஜம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். தோள்பட்டை எலும்பு இரண்டும் ரவிக்கைக்குள் துருத்திக்கொண்டிருந்தன. நேற்றுவரை தெரியாதது இன்றைக்கு நிச்சயமாகிவிட்டது. இனிமேல் சொன்னால் அது கொலை.

"தப்புத்தான் தனம்..." என்றாள் தங்கமணி.

"தப்பா? அவ்வளவுதானா?" தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன இப்பவே கூட்டிட்டுப் போறேன். இடுப்பெலும்ப எடுத்துத் தாடையில வைக்கிற ஆப்பரேஷன் இருக்கு. அது வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். முடிஞ்ச பிறகும் எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க வர வேணாம்."

"ஐயோ தனம்! அவரு பேசறது உனக்குப் புரியாதேம்மா... எப்ப புரையேறும்னு உனக்குத் தெரியாதே..."

"பழகிக்கிறேன்! நான் டாக்டர்தான் அண்ணி. உங்க வாயால எங்கண்ணன் பேசினது போதும்!"

தங்கமணி மாமியாரிடம் ஓடினாள். "அத்தை, நீங்களாவது சொல்லுங்க அத்தை! என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. அவர்கிட்ட இருந்து பிரிக்காதீங்க..."

இராஜம்மா திரும்பவே இல்லை. "கூட்டிட்டுப் போவட்டும்," என்றாள். அந்தக் குரலில் வழக்கமான காரம் இல்லை, காற்றுத்தான் இருந்தது. "இங்க இருந்து என்னத்தக் கண்டான் அவன்..."

சபாபதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தங்கையைப் பார்த்து, தொண்டை நரம்பு புடைக்க, "ஆ...ன்... ஒ...ல்...இ...றேன்! ஒ...ல்...இறேன்!" என்று கத்தினான். நான் சொல்லிடறேன், சொல்லிடறேன் என்கிறான்.

"என்ன சொல்லுது?" என்றாள் தனலெட்சுமி, பழக்கதோஷத்தில்.

தங்கமணி கணவன் கண்ணைப் பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம்.

"போய்ட்டு வரேன்னு சொல்றாரு," என்றாள்.

*

இரண்டு பெண்களும் அந்த வீட்டில் தனியாக இருந்தார்கள். காலையில் எழுந்ததும் தங்கமணியின் கை தன்னால் கஞ்சி வைக்கும். துணியில் ஊற்றிப் பிழிந்த பிறகுதான், குடிக்க ஆள் இல்லை என்பது நினைவுக்கு வரும். அதை யாரும் குடிக்காமல் கொட்ட வேண்டியிருக்கும். பக்கத்துக் கடையிலிருந்து சுபாங் ஜெயாவுக்குப் போன் போட்டால், "அண்ணன் நல்லா இருக்கு" என்று தனலெட்சுமி வைத்துவிடுவாள்.

இராஜம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் தங்கமணிக்குப் பயமாக இருந்தது. சோறு போட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சாமி அலமாரி முன்னால் போய் நிற்பாள், திருநீற்றுத் தட்டைத் தொட மாட்டாள். யோசித்துப் பார்த்தால், மருத்துவமனையில் கம்பி அவிழ்த்த அந்த நாளிலிருந்தே மாமியார் நெற்றியில் திருநீறு பார்த்த நினைவில்லை. முருகன் மேல் கோபம் என்று தங்கமணி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் இராஜம்மா திடீரென்று தட்டைத் தள்ளினாள்.

"ஏண்டி இன்னும் இங்க கெடக்குற? போயேண்டி! அவனும் இல்ல. யாருக்குக் கஞ்சி வடிக்கிற நீ? போடி... உங்கண்ணங்கிட்ட போ!"

"அண்ணன் வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது அத்தை. திறந்தாலும்... நான் போயிட்டா உங்களுக்கு யாரு சோறு போடுவா?"

இராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. தங்கமணி கதவைத் தட்டவில்லை. தன்னைப் பார்க்கப் பார்க்கத்தான் மாமியாருக்கு மகன் நினைவு வந்து வதைக்கிறது என்று தோன்றியது. மறுநாள் விடிந்ததும் இரண்டு சேலையைப் பையில் மடித்து வைத்தாள். கம்போங் மேடானில் தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, தொழிற்சாலை கேண்டீனில் வேலை கிடைக்கும். மாமியாருக்கு மத்தியானச் சோறும் குழம்பும் ஆக்கி மூடி வைத்தாள். கடைசியாக, கை கேட்காமல், கஞ்சியும் வைத்துப் பிழிந்தாள்.

பையோடு வாசலுக்கு வந்தபோது படிக்கட்டில் யாரோ மூச்சிரைக்க ஏறும் சத்தம். முதலில் சபாபதி. கன்னம் ஒட்டிப் போயிருந்தான். பின்னால் தனலெட்சுமி. அண்ணியையும் அவள் கையிலிருந்த பையையும் பார்த்தாள். அப்படியே வாசலில் சரிந்து அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி! என்னைச் செருப்பால அடிங்க அண்ணி!"

"என்னம்மா இது! எழுந்திரு... அவருக்கு என்ன ஆச்சு?"

"அண்ணன் சாப்பிடவே மாட்டேன்னுடுச்சு. தினமும் ஒரே வார்த்தையத்தான் சொல்லும். எனக்கு அழுகை வரும், எதுவும் புரியாது. நேத்து என் கன்னத்துல ஒண்ணு வச்சுச்சு அண்ணி... அழாம கேளுன்னு. அழுகைய நிறுத்திக் கேட்டேன். நெத்தியத் தொட்டுக் காட்டுச்சு. விரலால மூணு கோடு போட்டுச்சு. திருநீறுன்னு புரிஞ்சுது... அதுக்கப்புறம் எல்லாம் புரிஞ்சுது. அம்மா வேணாம்னு..."

தங்கமணி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாத! அத்தை உள்ள இருக்காங்க... கேட்டா செத்துருவாங்கடி! உனக்குப் புண்ணியமாப் போவும்..."

தனலெட்சுமி அந்தக் கைக்குள்ளேயே கதறினாள். ஒரு வருடம் இந்த அண்ணியை எவ்வளவு கேவலமாக நினைத்தோம் என்று கதறினாள். தங்கமணிக்கும் தாங்கவில்லை. "நாலு திட்டுன்னுதான் நெனச்சேன் தனம்... என் பொறந்த வீடே போச்சு..." என்று முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.

"கையை எடு. அவ சொல்லட்டும்."

இராஜம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் பழைய சேலைச் சுற்று. மெதுவாக அதைப் பிரித்தாள். சிவப்பு ஹெல்மெட் ஒரு கீறலும் இல்லாமல் பளபளத்தது.

"அத்தை... அது எப்படி..."

"நீ ஒளிச்சு வச்ச அன்னிக்கே பாத்துட்டேன்." இராஜம்மா தரையில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் அவன் பேச்சு புரியாது. எனக்குமா புரியாது? பல்லு மொளைக்காத வாயில அவன் பேசின மொதப் பேச்சையே கேட்டவ நான். ஆஸ்பத்திரியில அவன் சொன்னப்பவே புரிஞ்சுதுடி. அம்மா வேணாம்னாங்கன்னான். நீ மாத்திச் சொன்ன. நான்... வாயத் தொறக்காம நின்னேன்."

தங்கமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். தாங்கிக்கொள்வதற்கு ஒரு வருடமாகப் பழகிய உடம்பு இதைத் தாங்கவில்லை.

"தெரிஞ்சுமா அத்தை...? தெரிஞ்சுக்கிட்டா என்னை அப்படிப் பேசினீங்க? எங்கண்ணன பந்தியிலேர்ந்து எழுப்பினீங்களே... தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்! உன் மூஞ்சியப் பாக்குறப்பெல்லாம் எம்பாவம் தெரிஞ்சுது. உன்னத் திட்டாட்டி நான் அழுதிருப்பேன். அழுதா உண்மை வந்துரும்னு பயம்... பெத்த கையால புள்ள மூஞ்சியக் கெடுத்தவன்னு ஊரு பேசுமேன்னு பயம்." அவள் மகள் பக்கம் திரும்பினாள். "தனம், நெசமாத்தான் சொல்றியா? இது தலையில இருந்திருந்தா... மூஞ்சி நிச்சயமாத் தப்பிச்சிருக்குமா?"

தனலெட்சுமி வாயைத் திறந்தாள். எத்தனை முறை போட்டுப் பார்த்தவள், எத்தனை முகங்களைப் பார்த்தவள்! அண்ணியின் கண்கள் அவளைக் கெஞ்சின.

"அப்படி... உறுதியாச் சொல்ல முடியாதும்மா. லோரி நின்ன விதம் இருக்கு, வேகம் இருக்கு... லேப்ல ஆகிறது ரோட்டுல ஆகும்னு..."

"நீயும் உங்கண்ணிகிட்ட பொய் சொல்லக் கத்துக்கிட்டியா?" இராஜம்மா ஹெல்மெட்டை மகள் கையில் வைத்தாள். "ஆஸ்பத்திரியில என்ன ஹெல்மெட்டு போட்டீங்கன்னு மட்டும்தானே கேக்குற? நல்லதப் போடாம ஏன் போனீங்கன்னும் கேளு. ஒவ்வொரு வீட்டுலயும் என்ன மாதிரி ஒருத்தி இருப்பா. திருநீறு அழியுதுன்னு, தலைமுடி கலையுதுன்னு, வெக்கையா இருக்குன்னு... என் பேரச் சொல்லியே சொல்லு. மறைக்காத."

கீழே பாசார் சந்தைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இராஜம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குக் கிள்ளானுக்குப் போவோம். அந்தப் புள்ள வேலாயுதம் வாசல்ல நின்னு, அதே நாலு பேரு கேக்க நான் சொல்லணும்," என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லத் தங்கமணிக்கு இன்னும் வாய் வரவில்லை. பையை மட்டும் கீழே வைத்தாள்.

சபாபதி நாற்காலியில் உட்கார்ந்தான். தாயின் முதுகைப் பார்த்து ஏதோ சொன்னான்.

"ஆம்மா... இ...ஊ... எச்சு... இடும்மா..."

தனலெட்சுமி அண்ணியைப் பார்த்தாள். தங்கமணி பழக்கத்தில் வாய் திறந்தாள். இராஜம்மா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"வேணாம்... எனக்குப் புரியுது." அவள் குரல் உடைந்தது. "திருநீறு வச்சு விடச் சொல்றான்."

தங்கமணி சாமி அலமாரியிலிருந்து தட்டை எடுத்து வந்தாள். இராஜம்மா மகன் முன்னால் மண்டியிட்டாள். ஒரு வருடமாகத் திருப்பிக்கொண்டிருந்த முகத்தைத் திருப்பி, அவனை நேராகப் பார்த்தாள். மூன்று விரலால் நெற்றியில் பூசினாள். விரல் அங்கே நிற்கவில்லை. சப்பிய மூக்கு, இழுத்துத் தைத்த உதடு, இல்லாத தாடை என்று ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டே இறங்கியது. பிறகு அவள் அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் இடது கையால் தாயின் தலையைத் தடவிக்கொடுத்தான்.

வெகுநேரம் கழித்து இராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மருமகளாக வந்த நாளிலிருந்து தங்கமணியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"தங்கம்," என்றாள். "கஞ்சி ஆறியிருக்கும். சூடு பண்ணிக் கொண்டா. எப்படி ஊட்டணும்னு எனக்குச் சொல்லிக் குடு."